பால் வெட்டும் ரப்பர் கணக்கும்: மலாக்கா தோட்டத்திலிருந்து கணினித் திரை வரை

போன பள்ளி விடுமுறையில் என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது இயந்திரப் பொறியியல் படிக்கிறார். மடிக்கணினியைத் திறந்து தன் புரொஜெக்டைக் காட்டினார். அதிர்வைத் தாங்குவதற்காக இயந்திரத்துக்கு அடியில் வைக்கும் ஒரு ரப்பர் கட்டை. திரையில் அது சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து கிடந்தது. மேலே பாரம் ஏற்றினால் எங்கே பிதுங்கும், எங்கே கிழியும் என்பதை வண்ணம் போட்டுக் காட்டுகிறது மென்பொருள். "என்ன பொருள்?" என்று கேட்கும் இடத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் வருகிறது: நியோ-ஹூக்கியன், மூனி-ரிவ்லின், ஓக்டன், யோ.

"டீச்சர், இதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா போதும், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுடும். ஆனா இவங்கெல்லாம் யாருன்னு எங்களுக்கே தெரியாது" என்றார்.

கூட அவருடைய பாட்டியும் வந்திருந்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பல வருடம் பால் வெட்டியவர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ரப்பருக்கு இவ்வளவு கணக்கா? நாங்க ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செஞ்சு விளையாடினதோட சரி" என்று சிரித்தார்.

அந்தப் பேரனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. திரையில் வந்த அந்தக் கணக்குக்கும் பாட்டி நிரையில் நின்று வெட்டிய பாலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்தக் கணக்குகளில் முக்கியமானவை மலாயா ரப்பரிலிருந்து பிடித்த பணத்தில் நடந்த ஆய்வுக்கூடத்தில் உருவானவை. நம் வரலாற்றுப் பாடத்தில் கங்காணி வருகிறார், லயம் வருகிறது, பால் வாளி வருகிறது. இந்தப் பகுதி மட்டும் வருவதில்லை. ஆசிரியர் நண்பர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்ல உதவும் என்று இதை எழுதுகிறேன்.

புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது

கதையின் முதல் பக்கம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22, 1877-ல் சிங்கப்பூர் வந்தன. 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பார்த்தவர்களிடமெல்லாம் 'ரப்பர் நடுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள்.

அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டமாக அதையே சொல்வார்கள். அடுத்து புக்கிட் அசாகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில், மரவள்ளியோடு சேர்த்து நட்டார். புக்கிட் லிந்தாங் பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அந்தப் பெயரைப் பலகையில் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அது நாட்டின் ரப்பர் வரலாற்றுக்குத் தலைவாசல் என்று சொன்னால் கண் விரியாதா?

1888-ல் டன்லப்பின் காற்று டயர் வந்தது. 1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. ரப்பர் விலை ஏறியது. மரவள்ளிக் காடுகள் ரப்பர்க் காடுகளாயின. ஜாசின், மெர்லிமாவ், தெபோங், காடேக், பெர்தாம் என்று தோட்டங்கள் பெருகப் பெருக, வெட்ட ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி மூலம் நம் முன்னோர் வந்தார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, கையில் பால் கத்தி, மரத்துக்கு ஒரு மங்கு. அதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை.

இரும்புக் கணக்கு ரப்பருக்குச் செல்லாது

தோட்டத்தில் பால் வடிந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் பொருளைப் பற்றி அறிவியலுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஏன் என்று பார்க்க ஹூக் விதியிலிருந்து தொடங்குவோம். இரண்டு மடங்கு பாரம் தொங்கவிட்டால் இரண்டு மடங்கு நீளும் என்பதுதான் விதி. எஃகுக் கம்பிக்கு இது அழகாகப் பொருந்தும். ஆனால் எஃகு அந்த விதிப்படி நீள்வது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதைத் தாண்டினால் திரும்பி வராது. ரப்பரோ ஏழு மடங்கு நீண்டுவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அங்கே ஹூக் விதி தோற்றுப்போகிறது.

எவ்வளவு தோற்கிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். சாதாரண இயற்கை ரப்பரின் சறுக்குக் கெட்டித்தன்மை சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.4 நியூட்டன். ரப்பரின் கன அளவு மாறாது என்பதால் இழுவைக் கெட்டித்தன்மை அதைப் போல மூன்று மடங்கு, அதாவது 1.2. ஒரு ரப்பர்த் துண்டை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுக்கிறோம். ஹூக் விதிப்படி தகைவு 1.2 வர வேண்டும். ரப்பருக்கென்று வகுத்த எளிய விதி வேறு கணக்குச் சொல்கிறது. நீட்சி விகிதத்திலிருந்து, அதன் வர்க்கத்தால் ஒன்றை வகுத்து வரும் எண்ணைக் கழி, பிறகு 0.4-ஆல் பெருக்கு. 2-லிருந்து கால் பங்கைக் கழித்தால் 1.75. விடை 0.7. ஹூக் சொன்னதில் பாதியைச் சற்றுத் தாண்டியதுதான்!

இப்போது அதே துண்டைப் பாதி உயரத்துக்கு அமுக்குவோம். ஹூக் விதி 0.6 என்கிறது. ரப்பர் விதிப்படி நீட்சி விகிதம் 0.5, அதன் வர்க்கம் கால், ஒன்றைக் காலால் வகுத்தால் 4, வித்தியாசம் 3.5, விடை 1.4. இரண்டு மடங்குக்கும் மேல்! இழுத்தால் எதிர்பார்த்ததைவிட இளகிப் போகிறது, அமுக்கினால் எதிர்பார்த்ததைவிட முறைத்துக்கொள்கிறது. இரும்புக் கணக்கை நம்பி ரப்பர் கட்டையை வடிவமைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த விநோத குணத்தை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர். 1805-ல் எழுதினார். கண்பார்வை இல்லாதவர். ரப்பரைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார், சுட்டது. பின்னால் 1859-ல் ஜூல் அதை அளந்து உறுதிப்படுத்தினார். 1930-களில் காரணம் புரிந்தது. ரப்பருக்குள் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் ஒழுங்காக நிற்கின்றன, விட்டால் பழையபடி கலைந்து சுருள்கின்றன. கலைந்து கிடக்கவே அவை விரும்புகின்றன. அந்த விருப்பம்தான் ரப்பரின் இழுவிசை.

செஸ் பணமும் ஓர் ஆய்வுக்கூடமும்

இனிதான் நம் தொடர்பு வருகிறது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்குறைப்பு, கூலிக் குறைப்பு. பல குடும்பங்களை ஊருக்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். 1934-ல் உற்பத்தி நாடுகள் கூடி ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட்டன. அதே வேளையில் இன்னொரு பயமும் இருந்தது: செயற்கை ரப்பர் வந்துவிட்டால் இயற்கை ரப்பர் என்னாவது? டயருக்கு மட்டும் அல்லாமல் புதுப் புது வேலைகளுக்கும் ரப்பரைப் பயன்படுத்த வழி தேட வேண்டும். அதற்கு ஆய்வு வேண்டும்.

ஆய்வுக்குப் பணம்? ஏற்றுமதியாகும் ரப்பரின் எடையைப் பார்த்துப் பிடிக்கும் 'செஸ்' என்ற சிறு வரி. மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-ல் அமைந்தது. மரம், பால், நோய் பற்றிய ஆய்வு அங்கே. ரப்பர் என்ற பொருளின் இயற்பியலையும் வேதியியலையும் ஆராய, 1938-ல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் தொடங்கியது. அதைத் தாங்கியது ரப்பர் உற்பத்தி செய்த காலனி நாடுகளின் செஸ் பணம். அவற்றில் பெரியது மலாயா. வாளி வாளியாக ஸ்டோருக்குப் போன பாலில் ஒரு துளி இப்படி இலண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் இச்சங்கம் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம் என்று பெயர் மாறியது. 1974-ல் ஹெர்ட்ஃபோர்டு அருகே பிரிக்கென்டன்பரியில் துன் அப்துல் ரசாக் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. நம் பிரதமரின் பெயரில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடம் ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்டால், இதுதான் பதில்.

பட்டியலில் உள்ள பெயர்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் ட்ரெலோர். ஒரே வகை ரப்பரை எடுத்து, ஒரு பக்கமாக இழுத்தார். பலூன் ஊதுவது போல இரு பக்கமும் சமமாக இழுத்தார். அகலம் குறையாமல் ஒரு திசையில் மட்டும் நீட்டினார். ஒவ்வொன்றிலும் எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீட்சி என்று அளந்து 1944-ல் வெளியிட்டார். எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் புதிதாக ஒருவர் ரப்பர் கணக்கு எழுதினால், 'ட்ரெலோர் அளவுகளோடு ஒத்துப்போகிறதா?' என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

அதே 1944-ல் அங்கே சேர்ந்தார் ரொனால்டு ரிவ்லின். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ரப்பரை இழுக்கும்போது நாம் செய்யும் வேலை எங்கே போகிறது? உள்ளேதான் சேமிப்பாக இருக்கிறது. அந்தச் சேமிப்புக்கு ஒரு விதி எழுதிவிட்டால், எந்தப் பக்கம் இழுத்தாலும் முறுக்கினாலும் விசையைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்குத் திரிபு ஆற்றல் என்று பெயர். இப்படி ஆற்றலை வைத்துக் கணக்கிடும் பொருள்களைத்தான் ஹைப்பர்எலாஸ்டிக், அதாவது மிகை மீள்மைப் பொருள்கள் என்கிறார்கள்.

எளிய விதியைப் பார்ப்போம். ஒரு ரப்பர் கனசதுரத்தின் மூன்று பக்க நீட்சி விகிதங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டு. இழுக்காதபோது 1, 1, 1; கூட்டுத்தொகை 3. ஒரு பக்கம் இரண்டு மடங்கு இழுத்தால் அந்தப் பக்கத்தின் வர்க்கம் 4. கன அளவு மாறக் கூடாதல்லவா? ஆகவே மற்ற இரண்டும் சுருங்கி, அவற்றின் வர்க்கம் தலா அரை ஆகிறது. கூட்டுத்தொகை 5. பழைய 3-ஐக் கழித்தால் 2. ஒரு மாறிலியால் பெருக்கினால் சேமிப்பு ஆற்றல் கிடைக்கும். இதுதான் நியோ-ஹூக்கியன். 'புதிய ஹூக்' என்று பெயர் வைத்தவர் ரிவ்லின். மூலக்கூறுச் சங்கிலிகளின் கணக்கிலிருந்து தொடங்கிய ட்ரெலோரும் இதே விதிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

1940-ல் அமெரிக்காவில் மெல்வின் மூனி இரண்டு மாறிலிகளோடு ஒரு விதி எழுதியிருந்தார். ரிவ்லின் 1948-ல் அதைப் பொதுக் கோட்பாடாக விரித்தார். ஆகவே மூனி-ரிவ்லின். இந்த மூனியின் பெயர் தோட்டத்து ஸ்டோருக்கும் புதிதல்ல. 1965-ல் வந்த மலேசியத் தர ரப்பர் முறையில் சில தரங்களுக்கு 'மூனி பிசுக்கு எண்' குறிப்பார்கள். அதே மூனிதான்.

பிறகு வந்தவை சுருக்கமாக: 1972-ல் ஓக்டன், பெரிய நீட்சிக்கும் பொருந்தும் விதி தந்தார். 1990-ல் யோ, டயர் போன்ற கரித்தூள் கலந்த ரப்பருக்கு, குறைந்த சோதனைகளோடு பொருத்தக்கூடிய விதி தந்தார். புது ரப்பரை முதல் முறை இழுத்த பின் அது கொஞ்சம் இளகிவிடுவதை 'மலின்ஸ் விளைவு' என்கிறார்கள். அந்த லெனார்டு மலின்ஸும் பின்னர் அதே ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானவர்.

கணினிக்குள் போன ரப்பர்

விதி இருந்தாலும், கோணல்மாணலான ஒரு ரப்பர்க் கட்டைக்குக் கையால் கணக்குப் போட முடியாது. 1960-ல் ரே கிளஃப் 'ஃபைனைட் எலிமெண்ட்' என்று பெயர் சூட்டிய முறை இதற்கு வழி செய்தது. பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் விதியைப் போட்டு, எல்லாவற்றையும் கோத்துத் தீர்ப்பது. 1970-களில் அன்சிஸ், மார்க், அபாகஸ் போன்ற மென்பொருள்கள் வந்தன.

ரப்பர் அங்கேயும் முரண்டு பிடித்தது. அதன் பாய்சான் விகிதம் கிட்டத்தட்ட 0.5. சூத்திரத்தின் அடியில் 'ஒன்றிலிருந்து அதன் இரண்டு மடங்கைக் கழி' என்று இருக்கும். 0.5 போட்டால் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியுமா? கணினியில் ரப்பர் பாறை போல இறுகிவிடும். இதைத் தவிர்க்க, அழுத்தத்தைத் தனி எண்ணாக வைத்துக் கணக்கிடும் கலப்புக் கூறுகளைப் பயன்படுத்துகிறார்கள். மாணவர்கள் இதைத் தெரியாமல் தவறான கூறைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'சாஃப்ட்வேர் சரியில்லை' என்பார்கள். இன்னொரு தப்பும் உண்டு. ஒரே ஒரு இழுவைச் சோதனையை வைத்து மாறிலிகளைப் பொருத்திவிட்டு, அமுக்கும் வேலைக்கு அதே எண்களைப் பயன்படுத்துவது. ட்ரெலோர் ஏன் பலவிதமாக இழுத்துப் பார்த்தார் என்பது அப்போதுதான் புரியும்.

இந்தக் கணக்கெல்லாம் ஏட்டோடு நிற்கவில்லை. 1957-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பெல்ஹாம் பாலத்தை ரப்பர் தாங்கிகள் மேல் நிறுத்தினார்கள். ரப்பர் அடுக்கு, எஃகுத் தகடு, மறுபடி ரப்பர் அடுக்கு. மேலிருந்து அமுக்கினால் கெட்டி, பக்கவாட்டில் தள்ளினால் இளக்கம். 1985-ல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குக்காமோங்காவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்க இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல் எழுந்தது. அந்த ரப்பர்க் கலவை நம் மலேசிய ஆய்வுச் சங்கத்தின் தயாரிப்பு. 2014-ல் திறந்த பினாங்கு இரண்டாம் பாலத்தின் அடியிலும் அதே வகைத் தாங்கிகள்தான்.

தோட்டத்துக்கு என்ன வந்தது?

பெருமையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் வரலாறு பாதிதான். ட்ரெலோர் அளவெடுத்துக்கொண்டிருந்த போர்க்காலத்தில் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. போருக்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது குடியிருப்பும் வேலையும் சேர்ந்தே போயின. டான் சாய் யான் தொடங்கிய அதே புக்கிட் அசாகானின் தொழிலாளர்கள் 1967-ல் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் போய் வீடமைப்பு வந்தது.

செஸ் கட்டியது தோட்ட முதலாளிகள் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். ஆனால் அந்தப் பால் தானாக வடியவில்லை. வெட்டியவர்களுக்கு அந்த ஆய்வின் செய்திகூட வந்து சேரவில்லை. சூத்திரத்துக்கு ஆய்வாளர் பெயர் வைத்தது சரிதான். அவர்கள் உழைப்பும் பெரியது. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லும்போது வெட்டிய கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது நம்ம வேலை.

இன்றைக்கு துரியான் துங்கலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த மண். தமிழ்ப்பள்ளியிலிருந்து அங்கே போகும் பிள்ளை, 'இந்தக் கணக்கு எங்கிருந்தோ வந்தது, நமக்கு ஒத்துவராது' என்று ஒதுங்கக் கூடாது. அது அந்தப் பிள்ளையின் வீட்டுக் கணக்கு.

வகுப்பில் செய்து பார்க்க

ஒன்று: அகலமான ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வைக்கச் சொல்லுங்கள். சூடு தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, தளர்த்திவிட்டு மறுபடி வைத்தால் குளிரும். காஃப் செய்த அதே சோதனை.

இரண்டு: ரப்பர் வளையத்தில் ஒரு சிறு பை கட்டி, ஒவ்வொரு கோலிக்குண்டாகப் போட்டு நீளத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு நேராக வராது, வளையும். 'ஏன் வளைந்தது?' என்ற கேள்வியோடு நிறுத்திவிடுங்கள். பாரத்தை ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் அளக்கச் சொன்னால், திரும்பி வரும் பாதை வேறாக இருப்பதையும் பார்ப்பார்கள்.

மூன்று: மங்கு, நிரை, பெரட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பால் போன்ற தோட்டத்துச் சொற்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்பதையும் கேட்கட்டும். அப்படி எழுதி வைத்தால்தான் உண்டு.

அன்று அந்த மாணவர் கிளம்பும்போது நான் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் பாட்டியிடம் திரும்பி, "பாட்டி, நான் காட்டினேன்ல, அந்தக் கணக்கு... அதுக்கு உங்க தோட்டத்துப் பாலும் காசு கட்டியிருக்கு" என்றார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா காலத்துப் பாலும் இருக்கும்ப்பா. அவங்க பேரையும் எழுதிக்கோ" என்றார்.

புரொஜெக்ட் அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் அவர் இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறார்.